மாதாவின் அளவு

"டீச்சர், முக்காடு போடறது நம்மள மறைச்சுக்கத்தானே? அப்ப அதுல பூ எதுக்கு?"

கேட்டவள் சகாயமேரி. வயது ஏழு. முன்வரிசையில் இரண்டு பல் கிடையாது. 1957-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த பிறகு, எங்கள் மாதா கோயிலின் பின்கட்டில் பிள்ளைகளுக்கு நான் ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பெண்கள் கோயிலுக்குள் ஏன் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்பது அன்றைய பாடம். அந்தக் காலத்தில் மூடாமல் உள்ளே போக முடியாது. சேலை கட்டியவர்கள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்வார்கள். கவுன் போட்ட சிறுமிகள் கைக்குட்டையைத் தலையில் வைத்து ஊசி குத்திக்கொள்வார்கள்.

"பூக்கள்கூடக் கடவுளுக்கு முன்னால் தலைகுனிகின்றன என்பதைக் காட்டத்தான்" என்று பதில் சொன்னேன். சொன்ன மாத்திரத்தில் அது எனக்கே மிகவும் பிடித்துப்போய், மறந்துவிடக் கூடாதே என்று நோட்டில் எழுதியும் வைத்துக்கொண்டேன். சகாயமேரி "சரி டீச்சர்" என்றாள். வழி தெரியாத பெரியவர் வழி சொல்லும்போது பிள்ளைகள் சொல்கிற "சரி" அது.

என் பெயர் குணமணி. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெயருக்கு முழுத் தகுதி உள்ளவள் நான் என்று இருபத்தேழு வயது வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. கோயிலில் பெண்களுக்கான மாதா சபையின் செயலாளர். செயலாளர் என்றால் பெரிய வேலை ஒன்றும் இல்லை. ஒரு பிஸ்கட் டின்னைப் பாதுகாக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த டின்னில் சபைக்குச் சொந்தமான கல்யாண முக்காடு இருந்தது. ஏழடி நீளத்துக்கு வெறும் வலைத்துணி. கூடவே தலையில் வைக்க மெழுகுப் பூவால் செய்த ஒரு சின்னக் கிரீடம். முக்காடு வாங்க வசதி இல்லாத பெண்கள் கல்யாணத்துக்கு அதை இரவல் வாங்கிப் போய், துவைத்துத் திருப்பித் தருவார்கள். பல தலைகளைப் பார்த்து வலைத்துணி மோர் நிறத்துக்கு வந்திருந்தது. பூச்சி அரிக்காமல் இருக்க நான் போட்டு வைத்த அந்துருண்டைகளின் வாசனையும் அதில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. டின் மூடியின் உள்பக்கத்தில், என் முத்து முத்தான கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தேன்: "இதில் எதையும் தைக்கவோ ஒட்டவோ கூடாது. எளிமையே மணப்பெண்ணுக்கு அணிகலன். இப்படிக்கு, செயலாளர்."

சகாயமேரி அந்தக் கேள்வியைக் கேட்டதற்கு முதல் நாள்தான் அவளுடைய அக்கா பூவம்மாவுக்கு நான் ஒரு பிரசங்கம் செய்திருந்தேன். அவர்களுடைய அப்பா ஆஸ்பத்திரியில் அட்டென்டர். பூவம்மாவுக்கு அடுத்த வாரம் கல்யாணம். டின் அவள் வீட்டுக்குப் போயிருந்தது. அரபு ஸ்திரீட்டில், அப்துல் மஜீது பாயின் லேஸ் கடையில் கைக்குட்டைத் துணி வாங்கப் போன நான், அங்கே பூவம்மா நிற்பதைப் பார்த்தேன். கண்ணாடி மேசைமேல் மல்லிகை மொட்டு போட்ட லேஸ் கொஞ்சம் விரிந்து கிடந்தது. பாய் கத்தரிக்கோலைக் கையில் எடுத்திருந்தார்.

முக்காட்டில் நெற்றி ஓரத்துக்கு மட்டும் வைத்துத் தைத்துக்கொண்டு, கல்யாணம் முடிந்ததும் பிரித்துவிடுவதாக அவள் சொன்னாள். நான் விடவில்லை. மாதா தொழுவத்தில் பிள்ளை பெற்றபோது லேஸ் வைத்தா உடுத்தியிருந்தாள் என்று கேட்டேன். கடையில் வேறு மூன்று பேர் இருந்தார்கள். அவர்களுக்கும் பயன்படட்டும் என்று கொஞ்சம் உரக்கவே கேட்டேன். பூவம்மா லேஸை மடித்து மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். பாய் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "உங்களுக்கு என்ன வேணும் டீச்சரம்மா?" என்றார்.

அடுத்த வாரம் அவள் வெறும் வலையைப் போட்டுக்கொண்டு கல்யாணம் செய்துகொண்டு, புருஷனோடு குளுவாங் ரப்பர் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். அக்கா வீட்டில் அழுததைப் பார்த்துத்தான் தங்கை என்னிடம் கேள்வி கேட்டாள் என்பது எனக்கு உறைக்கவில்லை. உறைக்க இரண்டு ஆண்டுகள் ஆயின.

1959-இல் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை மரியநாயகம், துறைமுகக் கிட்டங்கியில் கிளார்க். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை என்று சாமியார் நாள் குறித்தார். முக்காட்டைப் பற்றிய பேச்சே எழவில்லை. டின்தான் இருக்கிறதே.

அந்த நேரத்தில்தான் கெட்ட வேளை என்னை விக்டோரியா ஸ்திரீட்டுப் போர்த்துக்கீசியக் கோயிலுக்குக் கூட்டிப்போனது. அறிமுகமான ஒரு யூரேசிய ஆசிரியைக்கு அங்கே கல்யாணம். அவள் உள்ளே நடந்து வந்தபோது நான் ஜெபமாலையைக் கையில் வைத்திருந்தேன். எத்தனையாவது மணியில் இருந்தேன் என்பது இன்றுவரை தெரியாது. தலையில் கிரீடம் இல்லை, மெழுகுப் பூ இல்லை. வெண்மையான மெல்லிய வலை ஒன்று உச்சியிலிருந்து வழிந்து, கன்னங்களின் இரு பக்கமும் இறங்கி, முதுகு முழுக்கப் படர்ந்து தரை வரைக்கும் போனது. அதன் ஓரம் முழுக்கக் கையகலத்துக்குப் பூத்தையல். முகத்தைச் சுற்றிப் பூக்களே வரிசையாக நிற்பதுபோல் இருந்தது. பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டேன். அது ஸ்பெயின் தேசத்து முறையாம், மான்டில்லா என்று பெயராம்.

வீட்டுக்கு வந்ததும் டின்னைத் திறந்து பார்த்தேன். மூடியிலிருந்த தாள் என்னைப் பார்த்தது. மூடிவிட்டேன்.

பெருமையை நேராக வாசல் வழியாக உள்ளே விடுகிறவள் நான் இல்லை. அதற்கு நல்ல சட்டை போட்டு, தலை சீவி, பக்தி என்று பெயர் வைத்துத்தான் உள்ளே விடுவேன். எங்கள் கோயில் வாசலில் ஒரு லூர்து கெபி உண்டு. கல்லால் குகை போலக் கட்டி, கூரை போட்டு, உள்ளே மாதா சுரூபம் வைத்திருப்பார்கள். நேர்ந்துகொண்டவர்கள் சுரூபத்துக்குச் சேலையும் முக்காடும் கொடுப்பது வழக்கம். நானும் ஒரு மான்டில்லா வாங்கி மாதாவுக்குக் கொடுத்தால் என்ன? கல்யாணத்தன்று நான் ஒரு தடவை போட்டுக்கொண்டு, பிறகு கொடுத்தால் போகிறது. மாதாவுக்குத்தான் வாங்குகிறேன். போகிற வழியில் என் தலை இருக்கிறது, அவ்வளவுதான்.

இதை அண்ணி ரத்தினம்மாவிடம் சொன்னேன். அம்மா இல்லாத வீட்டில் எனக்குக் கல்யாண வேலை பார்த்தவர் அவர். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஊருக்கெல்லாம் டின்னு, உனக்கு மட்டும் ஸ்பெயினா லா?" என்றார்.

"எனக்கில்ல அண்ணி. மாதாவுக்கு."

"சரி, வா. மாதாவுக்கு எது எடுப்பா இருக்குன்னு பாப்போம்" என்று முறத்தைக் கீழே வைத்தார்.

அப்துல் மஜீது பாய் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கல்யாணச் செய்தி அவருக்கு எட்டியிருந்தது. பூத்தையல் போட்ட முக்காட்டு வலை பார்க்க வேண்டும் என்று நான் சொன்னதும், "உங்களுக்கா டீச்சரம்மா?" என்று கேட்டார். குத்தல் எதுவும் அந்தக் குரலில் இல்லை. ஆனால் அதே கண்ணாடி மேசை, அதே கத்தரிக்கோல், மேலே தட்டில் அதே மல்லிகை மொட்டு லேஸ் சுருள்.

"எனக்கா? எனக்கு எதுக்கு பாய் இதெல்லாம்?" என்று வாய் முந்திக்கொண்டது. "மாதாவுக்கு. கோயில் வாசல்ல இருக்காங்கல்ல, அவங்களுக்கு."

பாதி உண்மை. மீதிப் பாதியை அங்கேயே நின்று விழுங்கினேன்.

பாய் மூன்று வலைகளை எடுத்து விரித்தார். ஒன்றில் கைப்பிடி அளவு ரோஜாக்கள். ஒன்றில் முத்துமணி வைத்த கொடி. மூன்றாவதில் சின்னச் சின்னத் திராட்சை இலைகள். எனக்கென்று சொல்லியிருந்தால் தலையில் போட்டுக் கண்ணாடியில் பார்த்திருக்கலாம். மாதாவுக்கு என்று சொன்னதால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. ரோஜா என் முகத்துக்குப் பெரிது. முத்துமணி கனம், கொண்டையில் நிற்காது. இலைதான் சரி என்று மனம் சொன்னது. இருந்தாலும் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

"மாநிறத்துக்கு இதுல எது பாய் எடுக்கும்?" என்று கேட்டுவிட்டேன்.

பாய் விழித்தார். அண்ணி முகத்தைக் கொஞ்சமும் மாற்றாமல், "எங்க மாதா கொஞ்சம் கறுப்பு பாய். பள்ளிக்கூட வெயில்ல நிக்கிறாங்கல்ல" என்றார்.

அவர் மரியாதையாகத் தலையசைத்தார். பிறகு மூன்று வலைகளையும் மடித்துத் தட்டில் வைத்துவிட்டார். எனக்குத் திக்கென்றது.

"இதெல்லாம் மெஷின் வேலை. அந்த அம்மாவுக்கு இது வேணாம்" என்றார். அவர்களுடைய வேதத்திலும் மர்யம் அம்மா பெயரில் ஓர் அத்தியாயமே இருக்கிறது என்றார். தன் வீட்டுக்காரி ஆமினா பீவி கையால் பூத்தையல் போடுவாள், அவளிடம் கொடுக்கிறேன் என்றார். கொஞ்சம் தயங்கி, "எங்க மார்க்கத்துல சுரூபம் கிடையாது. ஆனா பேரு அந்த அம்மா பேரு. மரியாதை மரியாதைதான்" என்று சேர்த்துக்கொண்டார்.

இந்த இடத்தில் யோக்கியமான பெண் என்றால் உண்மையைச் சொல்லியிருப்பாள். நான் நீளத்தைப் பற்றிப் பேசினேன். "ரொம்பச் சின்னதா வேணாம் பாய். ஓர் ஆளுக்கு வர்ற மாதிரி..." என்று இழுத்தேன்.

"நீங்க கவலப்படாதீங்க. அளவு நான் பாத்துக்கிறேன்" என்றார் அவர்.

அளவைக் கண்ணாலேயே எடுத்துவிட்டார் போல என்று நினைத்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நிமிர்ந்து நடந்தேன்.

ஆறு வாரம் ஆயிற்று. கோயிலில் எங்கள் கல்யாண அறிவிப்பு ஓலையை மூன்று ஞாயிறும் வாசித்து முடித்துவிட்டார்கள். கல்யாணம் சனிக்கிழமை என்றால், வியாழக்கிழமை மத்தியானம்தான் முக்காடு தயாரென்று ஆள் வந்தது. ஓடினேன். பாய் பழுப்புக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்ததை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். துணிக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார். வேலைக்கு வேண்டாம் என்று ஆமினா பீவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாளாம். எனக்கு ஒரு நிமிஷம் சங்கடமாகத்தான் இருந்தது. வீட்டுக் கண்ணாடியை நினைத்ததும் சங்கடம் போய்விட்டது.

வீட்டில் கொண்டை போட்டு, மல்லிகை சுற்றி, அண்ணி பின்னால் நின்று முக்காட்டை என் தலையில் வைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன், ஒரேயடியாகப் பார்க்கலாம் என்று. திறந்தேன்.

அது என் காதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்து நின்றுவிட்டது. பின்னால் கழுத்தைத் தொட்டும் தொடாமலும் தொங்கியது. கொண்டை அதைத் தூக்கிக்கொண்டு நின்றதால், ஞானஸ்நானத்துக்குக் கொண்டுபோகிற குழந்தைக்குத் தொப்பி போட்டதுபோல் இருந்தது. குழந்தைக்கு இருபத்தேழு வயது, அது ஒன்றுதான் வித்தியாசம்.

அண்ணி கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மாதாவுக்குன்னு கேட்ட. மாதாவுக்குத்தான் வந்திருக்கு" என்றார். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை.

பாய் என்னை அளக்கவே இல்லை. எங்கள் கெபியில் இருக்கும் சுரூபம் மூன்றரை அடி. அதைத்தான் அளந்திருக்கிறார்.

நான் சிரிக்கவில்லை. இரண்டு நாளில் கல்யாணம். டின் முக்காட்டைப் போட்டுக்கொண்டு அத்தனை பேருக்கு முன்னால் நடப்பதை நினைத்தாலே உடம்பு கூசியது. எத்தனையோ பெண்களுக்கு நானே கொடுத்தனுப்பியது அது. எனக்கென்று வந்தபோதுதான் அதன் நிறம் தெரிந்தது.

அப்போது ஒரு யோசனை தோன்றியது. பூத்தையல் ஓரத்தை மட்டும் வெட்டி எடுத்து, புது வலை ஏழடி வாங்கி அதில் வைத்துத் தைத்துவிட்டால்? முழுக்க வராவிட்டாலும் முகத்தைச் சுற்றி வரும். அண்ணியிடம் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போனார். அந்த இரண்டு வார்த்தையில் பூவம்மா இருந்தாளா என்று எனக்குத் தெரியாது. எனக்கு அவள் ஞாபகம் வந்தது.

கத்தரிக்கோலை எடுத்தேன். எங்கே வெட்டினால் தையல் பிரியாது என்று பார்க்கத் துணியைத் திருப்பினேன்.

பின்பக்கம் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு முடிச்சு இல்லை. ஒரு நூல் துண்டு நீட்டிக்கொண்டிருக்கவில்லை. இலையின் நரம்பு முன்னால் எப்படி ஓடியதோ அப்படியே பின்னாலும் ஓடியது. சுரூபத்தின் முதுகு கெபியின் கல்லோடு ஒட்டி நிற்கும். இந்தப் பக்கத்தை உலகம் உள்ளவரைக்கும் எந்த மனிதக் கண்ணும் பார்க்கப்போவதில்லை. அது ஆமினா பீவிக்கும் தெரிந்திருக்கும். ஆறு வாரம் உட்கார்ந்து, யாரும் பார்க்காத பக்கத்தை இப்படித் தைத்திருக்கிறாள், தன் கோயில் இல்லாத ஒரு கோயிலுக்காக.

நான் மூடியில் ஒட்டிய தாளும், நோட்டில் எழுதிவைத்த பதிலும், கடையில் உரக்கச் சொன்ன பிரசங்கமும் ஒன்றுவிடாமல் வரிசையாக ஞாபகம் வந்தன. அவை எல்லாவற்றுக்கும் முன்பக்கம் மட்டும்தான் இருந்தது.

கத்தரிக்கோலைப் பெட்டியில் போட்டேன். பிறகு டின்னைத் திறந்து, மோர் நிற வலையை எடுத்து வெயிலில் காயப்போட்டேன்.

வெள்ளிக்கிழமை, கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையிடம் புது முக்காட்டைக் கொடுத்தேன். அவர் ஏணி வைத்து ஏறிச் சுரூபத்தின் தலையில் போட்டார். அங்கே இங்கே இழுக்க வேண்டியிருக்கவில்லை. அளவு அப்படிப் பொருந்தியது.

சனிக்கிழமை நான் மணப்பெண்ணாகக் கோயில் வாசலில் இறங்கியபோது, கூட்டம் என் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் கெபியின் முன்னால் நின்றார்கள். மாதாவுக்கு இவ்வளவு அழகான முக்காட்டை யார் கொடுத்தது என்று பேச்சு. குணமணி டீச்சர்தான், தனக்குப் பழைய டின் முக்காட்டை வைத்துக்கொண்டு மாதாவுக்குப் புதிது வாங்கிக் கொடுத்திருக்கிறாள் என்று யாரோ சொல்ல, அது எனக்கு முன்னால் பீடம் வரைக்கும் நடந்து போய்ச் சேர்ந்தது. சாமியார் பிரசங்கத்தில் என்னை உதாரணமாகவே எடுத்துக்கொண்டார். தாழ்ச்சி என்னும் புண்ணியத்தை இன்று கண்ணால் கண்டோம் என்றார். வாழ்நாளெல்லாம் நான் கேட்க ஏங்கிய வார்த்தைகள் அவை. ஒவ்வொரு வார்த்தையும் சேலைக்குள் எறும்பு புகுந்ததுபோல் ஊர்ந்தது. போதாததற்கு அந்துருண்டை வாசனையில் மாப்பிள்ளைக்குத் தும்மல் வந்துவிட்டது. சத்தியப் பிரமாணம் சொல்வதற்குள் நான்கு தும்மல் தும்மினார். மனமில்லாமல் கட்டிக்கொள்கிறாரோ என்று என் சித்தப்பா ஒருவர் கவலைப்பட்டாராம்.

முன்பெஞ்சில் சகாயமேரி உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வயது, பல் முளைத்துவிட்டது. வாசல் வழியாகக் கெபியைப் பார்த்தாள். பிறகு என் தலையைப் பார்த்தாள். இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று தோன்றியது.

வெளியே வந்தபோது இரும்புவேலிக்கு அந்தப் பக்கம், ரோட்டோரத்தில் மஜீது பாய் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் வெள்ளைத் துப்பட்டி போட்ட ஓர் அம்மாள். இருவரும் கெபியைப் பார்த்தார்கள். பாய் ஏதோ சொல்ல அந்த அம்மாள் தலையை ஆட்டினாள். நான் காரில் ஏறுவதற்குள் போய்விட்டார்கள்.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பரிகாரமாக மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். மூன்றும் சொல்லி முடிக்க, பெஞ்சிலிருந்து வாசலுக்கு நடந்துபோகிற நேரம்கூட ஆகவில்லை. அப்படியே அரபு ஸ்திரீட்டுக்குப் போனேன். கடைக்கு மேலே வீடு. ஆமினா பீவி கதவைத் திறந்தாள். உள்ளே போய் உட்கார்ந்து, டின்னில் தொடங்கி கத்தரிக்கோல் வரைக்கும் சொன்னேன். பூவம்மாவை விரட்டியதையும் சொன்னேன்.

அவள் கையில் இருந்த துணியின்மேல் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அவரு ரெண்டு நாளு வேலி ஓரமா நின்னு, முழம் போட்டுப் பாத்துட்டு வந்தாரு. ரோட்ல போறவங்கல்லாம் என்னவோன்னு பாத்தாங்களாம்" என்றாள். பிறகு சிரிப்பு அடங்கி, "நான் மர்யம் அம்மாவுக்குன்னு தச்சேன். அவங்ககிட்டதானே போய்ச் சேந்துச்சு? நடுவுல நீங்க என்ன நெனச்சீங்கங்கறது உங்களுக்கும் அவங்களுக்கும். எனக்கு ஒண்ணும் பாக்கி இல்ல. அந்தப் பொண்ணுக்குத்தான் இருக்கு" என்றாள்.

டீ கொடுத்தாள். புறப்படும்போது, மிச்சம் இருந்த வெள்ளை நூல் கண்டு ஒன்றை என் கைப்பைக்குள் போட்டாள். கீழே கடையில் ஏழடி வலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மல்லிகை மொட்டு லேஸ் வைக்கட்டுமா என்று பாய் கேட்டார். வேண்டாம், மொட்டை நானே நூலால் தைத்துக்கொள்கிறேன் என்றேன்.

எனக்குத் தையல் வராது. பித்தான் தைத்தாலே சட்டையோடு விரலும் சேர்ந்துவிடும். ஞாயிறுதோறும் பூசைக்குப் பிறகு கெபியின் முன்னால் நின்று மாதாவின் முக்காட்டை வெறித்துப் பார்ப்பேன். பக்தி முற்றிவிட்டது என்று சபைப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். ஊசி எங்கே நுழைந்து எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் முதல் மொட்டுகளைப் பார்த்த என் கணவர், "கங்குங் கீரை நல்லா வந்திருக்கு" என்றார். பிரித்துவிட்டு மறுபடி போட்டேன். பிள்ளைகள் மூன்று பேர் பிறந்தார்கள். வலை அலமாரியில் மாதக்கணக்கில் கிடக்கும், எடுப்பேன், நான்கு மொட்டு போடுவேன், யாராவது அழுவார்கள், வைத்துவிடுவேன். நாங்கள் புக்கிட் மேராவில் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனபோது அதுவும் கூடவே வந்தது. நான் ஓர் ஓரத்தை முடிப்பதற்குள் ரோமாபுரியே மாறிவிட்டது. லத்தீன் போய்த் தமிழில் பூசை வந்தது. பெண்கள் தலையை மூடாமலே கோயிலுக்குள் வரத் தொடங்கினார்கள். பெண்களின் தலையை மூட வேண்டும் என்று அத்தனை வகுப்பு எடுத்த நான், கடைசியில் முக்காடு தைத்துக்கொண்டிருந்த ஒரே ஆளாக மிஞ்சினேன். ஆனால் மணப்பெண்கள் மட்டும் விடவில்லை.

1969-இல் ஒரு ஞாயிறு, சாமியார் ஓலை வாசித்தார். மணமகள் சகாயமேரி. டெலிபோன் இலாகாவில் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. அப்பா இறந்துவிட்டார். கல்யாணத்துக்குக் குளுவாங்கிலிருந்து அக்கா பூவம்மா வருகிறாள் என்றும், முக்காட்டுக்குச் சபையின் டின்னைக் கேட்டிருக்கிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன். புதுச் செயலாளர் டின்னை எடுத்துக் கோயில் பின்கட்டு அலமாரியில் வைத்திருந்தாள், வியாழக்கிழமை சாயங்காலம் அவர்கள் வந்து எடுத்துக்கொள்வதாக.

வியாழக்கிழமை மத்தியானம் பள்ளி விட்டதும் பஸ் ஏறினேன். கோயிலில் யாரும் இல்லை. கோயில்பிள்ளை சாப்பிடப் போயிருந்தார். பின்கட்டு அலமாரி பூட்டுவதில்லை.

டின்னைத் திறந்தேன். மோர் நிற வலையை எடுத்து என் பைக்குள் வைத்தேன். அந்துருண்டைகளையும் பொறுக்கி எடுத்தேன். என்னுடைய வலையை, மல்லிகை மொட்டு முகத்தைச் சுற்றி வரும் பக்கம் மேலே இருக்கும்படி மடித்து உள்ளே வைத்தேன். சொல்லிக்கொள்ளும்படி வந்திருந்தது என்று சொல்ல ஆசைதான். தூரத்தில் நின்று பார்த்தால் மல்லிகை. பின்பக்கம் முழுக்க முடிச்சு. எத்தனை முறை பிரித்துப் போட்டாலும் ஆமினா பீவியின் பின்பக்கம் எனக்கு வரவில்லை.

மூடியில் நான் ஒட்டிய தாள் அப்படியே இருந்தது. அரிசிக் கஞ்சியால் ஒட்டியது, இலேசில் வராது. குழாயடியில் நனைத்து, நகத்தால் சுரண்டினேன். "தைக்கவோ" போயிற்று, "ஒட்டவோ" போயிற்று. "செயலாளர்" மட்டும் கடைசிவரை பிடிவாதமாக இருந்தது. அதையும் சுரண்டி எடுத்து, மூடியைச் சேலைத் தலைப்பால் துடைத்து மூடினேன்.

டின்னை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் பக்கவாட்டு வாசல் வழியாக வெளியே வந்தேன். இரண்டு பெண்கள் பேசிக்கொண்டே முன்வாசலுக்குள் நுழைகிற சத்தம் கேட்டது. ஒரு குரல் எனக்குத் தெரிந்த குரல், கொஞ்சம் தடித்திருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன்.